எல்லோருடைய தாளும் சரி, ஆற்றில்தான் தண்ணீர் இல்லை

நான் போன முதல் நீர்ப்பங்கீட்டுக் கூட்டத்தில் வந்திருந்த எல்லோர் கையிலும் ஒரு தாள் இருந்தது. தலைமடை விவசாயிகள் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய ஓர் உத்தரவின் நகலைக் கொண்டுவந்திருந்தார்கள். நகரத்துக் குடிநீர்ப் பிரிவு ஆட்களிடம் அணை கட்டியபோது போட்ட ஒப்பந்தம் இருந்தது. ஆலைக்காரர்களிடம் உரிமம். கடைமடையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த தாளை மேசைமேல் வைத்துவிட்டு, கூட்டம் முடியும்வரை அதன்மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பேசுவது என் வேலை இல்லை, கூட்டிச் சொல்வதுதான். ஒவ்வொரு தாளிலும் இருந்த அளவை வரிசையாக எழுதிக் கூட்டினேன். அந்த ஆண்டு ஆற்றில் வரும் என்று கணித்திருந்த நீரைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வந்தது. தப்பாகக் கூட்டிவிட்டோம் என்று நினைத்து மறுபடி கூட்டினேன். அதே எண். மேலதிகாரியிடம் காட்டியபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "நல்ல மழை பெய்த காலத்தில் யாரும் இதைக் கூட்டிப் பார்த்ததில்லை" என்றார்.

அந்தத் தாள்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒவ்வொன்றும் முறைப்படி கையெழுத்தாகி, முத்திரை குத்தி வாங்கியது. ஒவ்வொருவரும் நியாயமாகத்தான் கேட்டார்கள். ஆறுதான் அவ்வளவு இல்லை. அன்றிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் நீர்க் கணக்கு பார்க்கிற வேலையில்தான் இருக்கிறேன். எந்த ஆற்றின் ஒப்பந்தத்தைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு பத்தியைத்தான்: தண்ணீர் குறைந்தால் யார், எப்போது, எவ்வளவு மதகை இறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? ஆறு நிறைய ஓடும்போது உரிமையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. உரிமை என்ற சொல்லுக்கு வேலை வருவதே வறண்ட ஆண்டில்தான். அந்தப் பத்தி இல்லாத ஒப்பந்தம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் எனக்கு அது அரைகுறைதான்.

இதற்கு உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம் கொலராடோ ஆறு. 1922 நவம்பரில் அமெரிக்காவின் ஏழு மாநிலங்கள் சாந்தா ஃபே அருகே உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. தலைமை தாங்கியவர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் அதிபரானவர். மேல்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்படுகைக்கும் அதே 75 லட்சம். 1944இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம் என்று ஓர் உடன்படிக்கை சேர்ந்தது. ஓர் ஏக்கர்-அடி என்பது ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர். சுமார் 1,233 கன மீட்டர். ஆக 165 லட்சம் ஏக்கர்-அடிக்கு மேல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் பார்த்துப் பங்கு போட்ட பதிவுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளுடையவை. அவை வழக்கத்தை மீறி ஈரமான ஆண்டுகள். பழைய மரங்களின் வளையங்களை அளந்து பல நூற்றாண்டு நீர்வரத்தைக் கணக்கிட்ட ஓர் ஆய்வு 1976இல் வந்தபோது, நீண்டகாலச் சராசரி 135 லட்சம் அளவில்தான் என்று தெரிந்தது. 2000க்குப் பிறகு வந்த நீர் அதைவிடவும் குறைவு.

அறியாமல் செய்துவிட்டார்கள் என்று முழுக்கச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. யூஜின் லாரூ என்ற அரசு நீரியலாளர் 1920களிலேயே, ஆற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லை என்று எச்சரித்திருந்தார். பெரிய எண்ணை வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் கொடுத்து அனுப்பலாம். சிறிய எண்ணை வைத்தால் யாரிடமாவது இல்லை என்று சொல்ல வேண்டும். கூட்ட அறைகளில் உட்கார்ந்து பார்த்த எனக்கு, அங்கே பெரிய எண் எப்படி ஜெயித்திருக்கும் என்பது நன்றாகவே புரிகிறது.

இன்னொன்றும் அங்கே நடந்தது. கீழ்ப்படுகை மாநிலங்களின் கணக்கில், அணைகளிலிருந்து ஆவியாகப் போகிற நீரை யார் பங்கிலும் கழிக்கவில்லை. மேல்படுகையிலிருந்து வழக்கமான திறப்பு வந்தாலும் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் ஏக்கர்-அடி, மீட் ஏரி என்ற அவர்களுடைய பெரிய நீர்த்தேக்கத்திலிருந்து கூடுதலாகக் குறைந்துகொண்டே போனது. நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு என்ற வித்தியாசமே இல்லாமல் சட்டப்படி நடந்த குறைவு இது. 1959இல் எகிப்தும் சூடானும் நைல் ஆற்றைப் பங்கு போட்டபோது இந்த ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். மொத்தம் 8,400 கோடி கன மீட்டர். எகிப்துக்கு 5,550 கோடி, சூடானுக்கு 1,850 கோடி, மிச்சம் 1,000 கோடி அஸ்வான் நீர்த்தேக்கத்தில் ஆவியாகவும் கசிந்தும் போவதற்கு. சூரியனுக்கும் ஒரு பங்கு எழுதினார்கள். ஆனால் அந்த ஆற்றின் பெரும்பகுதி நீரைத் தரும் எத்தியோப்பியாவை மேசைக்கே கூப்பிடவில்லை. மேசைக்கு யாரைக் கூப்பிடவில்லை என்பதையும் கணக்கின் ஒரு வரியாகத்தான் நான் பார்க்கிறேன். ஐம்பது ஆண்டு கழித்தாவது அந்த வரி வந்து நிற்கும். கொலராடோவில் அது பழங்குடி மக்களின் பங்கு. அவர்களுக்கு ஒதுக்கிய நிலத்தோடு நீருரிமையும் சேர்ந்தே வருகிறது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1908இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1922 ஒப்பந்தமோ அவர்களைப் பற்றி ஒற்றை வரியோடு நகர்ந்துவிட்டது.

சரி, குறைந்தால் யார் குறைத்துக்கொள்வது? இதற்கு உலகம் கண்டுபிடித்த வழிகள் அடிப்படையில் இரண்டுதான்.

ஒன்று, பந்திக்கு முந்தியவனுக்கு முழுச் சாப்பாடு என்பது. அமெரிக்க மேற்குப் பகுதியின் சட்டம் இது. முதலில் வாய்க்கால் வெட்டி நீர் எடுத்தவருக்கு முதல் உரிமை. வறட்சியில் அவருக்கு முழுப் பங்கும் போன பிறகுதான் அடுத்தவருக்கு. தங்கச் சுரங்கக் காலத்தில் தொடங்கிய வழக்கம். 1855இல் கலிஃபோர்னியா நீதிமன்றமும் 1882இல் கொலராடோ மாநில நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தின. இதன் நடைமுறை எப்படி இருக்கும் என்பதற்கு 2022ஐப் பாருங்கள். கொலராடோ கீழ்ப்படுகையில் வரலாற்றிலேயே முதன்முறையாக அந்த ஆண்டுக்குப் பற்றாக்குறை அறிவித்தார்கள். அரிசோனாவின் பங்கில் 5,12,000 ஏக்கர்-அடி வெட்டு. கிட்டத்தட்ட 18 விழுக்காடு. கலிஃபோர்னியாவுக்கு வெட்டே இல்லை. 1968இல் தன் பெரிய கால்வாய்த் திட்டத்துக்கு அனுமதி வாங்கியபோது, கலிஃபோர்னியாவின் 44 லட்சத்துக்குப் பிறகுதான் எனக்கு என்று அரிசோனா ஒப்புக்கொண்டிருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் போட்ட கையெழுத்துக்காக ஒரு விவசாயி தன் நிலத்தைத் தரிசாகப் போட வேண்டியிருந்தது.

இந்த முறையை நான் வெறுப்பதில்லை. யாருக்கு என்ன ஆபத்து என்பது முன்கூட்டியே தெரிகிறது. அது பெரிய விஷயம். ஆனால் எடுக்காவிட்டால் உரிமை போய்விடும் என்பதும் அதோடு சேர்ந்து வருகிறது. அதனால் தேவையில்லாத ஆண்டிலும் மதகைத் திறந்து வைக்கிறவர்களைக் குற்றம் சொல்ல முடியவில்லை. சட்டமே அவர்களை அப்படிச் செய்ய வைக்கிறது.

இரண்டாவது வழி, எல்லோரும் ஒரே விகிதத்தில் சுருங்குவது. ஸ்பெயினில் வாலென்சியா பேராலயத்தின் வாசலில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில் கூடுகிற தண்ணீர் நீதிமன்றம் பற்றிப் படித்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் தனி ஈடுபாடு. துரியா ஆற்றின் வாய்க்கால்களுக்கு விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள் நீதிபதிகளாக உட்கார்ந்து, வாய்மொழியாகவே விசாரித்து அங்கேயே தீர்ப்புச் சொல்கிறார்கள். பல நூற்றாண்டுப் பழக்கம். 2009இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அவர்களுடைய பங்கை எழுதியிருக்கும் விதம்தான் எனக்கு முக்கியம். இத்தனை கன அடி என்று இல்லை. ஓடுகிற ஆற்றில் இத்தனையில் ஒரு பங்கு என்று இருக்கிறது. ஆறு மெலிந்தால் பங்கும் தானாக மெலியும். புதிதாக ஓர் உத்தரவு போட வேண்டியதில்லை.

காவிரியிலும் எழுத்தில் இருப்பது விகிதம்தான். 2007 பிப்ரவரி 5இல் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பில் மொத்த நீர் 740 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்று வைத்தது. அதில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. நீர் குறைந்த ஆண்டில் இந்தப் பங்குகள் அதே விகிதத்தில் குறையும் என்றும் எழுதியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எல்லையில் இருக்கும் பில்லிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து சேர வேண்டிய அளவை 192இலிருந்து 177.25 டி.எம்.சி.யாக மாற்றியது, விகிதக் குறைப்பு என்ற கொள்கை அப்படியே இருக்கிறது. பிறகு ஏன் ஒவ்வொரு வறண்ட ஆண்டிலும் அதே சண்டை?

விகிதம் ஆண்டு முழுமைக்கானது. தண்ணீரோ மாதக் கணக்கில் தேவைப்படுகிறது. நீராண்டு ஜூன் 1இல் தொடங்கி மே 31இல் முடிகிறது. ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95 டி.எம்.சி. என்று அட்டவணை போகிறது. அந்த ஆண்டு மொத்தத்தில் எத்தனை விழுக்காடு பற்றாக்குறை என்பது மழைக்காலங்கள் முடிந்த பிறகுதான் உறுதியாகத் தெரியும். நாற்று நிற்பதோ ஆகஸ்டில். மேலே இருப்பவருக்கு, இப்போதே விட்டுவிட்டு மழை பொய்த்தால் என்ன செய்வது என்ற பயம். கீழே இருப்பவருக்கு, இப்போது வராமல் பிறகு வந்து என்ன பயன் என்ற பயம். இரண்டுமே உண்மையான பயங்கள். 2023 ஆகஸ்டில் 15 நாளுக்கு நொடிக்கு 5,000 கன அடி என்ற உத்தரவு இரண்டு மாநிலத்திலும் தெருவுக்கு வந்தது நினைவிருக்கும். காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தில் இருந்தவர்கள், முடியாத ஓர் ஆண்டின் விகிதத்தை நடு ஆண்டில் ஊகிக்க வேண்டியிருந்தது. விகிதம் என்ற கொள்கை மட்டும் போதாது என்று எனக்குப் புரிந்தது இந்த மாதிரி இடங்களில்தான். எந்தத் தேதியில், எந்த அணையின் எந்த மட்டத்தை வைத்து, எந்த ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டு விழுக்காட்டைக் கணக்கிடுவது என்பதுவரை முன்னாலேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அதற்கும் முன்னால், அளப்பவர் யார் என்பது தீர்ந்திருக்க வேண்டும். நான் வேலை கற்றுக்கொண்டது ஓர் ஆற்று அளவீட்டு நிலையத்தில். விடியற்காலையில் போய் ஆற்றில் நட்டிருக்கும் அளவுகோலைப் படித்து நோட்டில் எழுதுவோம். ஆனால் அளவுகோல் சொல்வது உயரம் மட்டும். எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அது சொல்லாது. வேகமானியை ஆற்றுக்குள் இறக்கி, குறுக்காகப் பல இடங்களில் வேகமும் ஆழமும் எடுத்து, இந்த உயரத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று ஒரு வளைவரை தயாரிப்போம். ஒரு பெரிய வெள்ளம் வந்து படுகை மணலை அரித்துக்கொண்டு போனால் அந்த வளைவரை செல்லாது. அதே இரண்டு மீட்டர் உயரத்தில் வேறு அளவு தண்ணீர் ஓடும். நான் பார்த்த ஒரு தகராறில் இரண்டு தரப்பும் ஒன்றையொன்று திருடர்கள் என்று திட்டிக்கொண்டன. போய்ப் பார்த்தால் ஒரு தரப்பு வெள்ளத்துக்கு முந்தைய வளைவரையை வைத்திருந்தது, இன்னொன்று பிந்தையதை. இரண்டு பேரும் நேர்மையாகத்தான் படித்திருந்தார்கள். பில்லிகுண்டுலுவில் எந்த மாநிலத்தையும் சேராத மத்திய நீர் ஆணையம் அளப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளியில் இருப்பவர்கள் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எத்தனை சண்டை நடந்தாலும் அந்த எண்ணிலிருந்துதான் பேச்சு தொடங்குகிறது.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை எழுதாமல் மற்றதை எழுதுவது நேர்மை இல்லை.

ஒரு படுகையின் மேல்பகுதியில் வாய்க்கால்களுக்குச் சிமெண்ட் பூசி, சொட்டுநீர்ப் பாசனம் போட்டால் எவ்வளவு மிச்சமாகும் என்ற கணக்கைச் செய்தவள் நான். வயலுக்கு 100 பங்கு நீர் எடுத்தால் 60 பங்குதான் பயிருக்குப் போகிறது, 40 வீணாகிறது என்று எழுதினேன். சொட்டுநீர் வந்தால் 100இல் 90 பயிருக்குப் போகும். ஆகவே 30 பங்கு லாபம். அறிக்கை எல்லோருக்கும் பிடித்துப்போனது. மேல்பகுதி விவசாயிகள் அந்த 30 பங்கில் கூடுதல் நிலத்தில் பயிர் வைத்தார்கள்.

மூன்றாம் ஆண்டு, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே இருந்த கிராமங்களிலிருந்து புகார்கள் வர ஆரம்பித்தன. கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. வடிகாலில் எப்போதும் ஓடும் தண்ணீர் நின்றுவிட்டது. முதலில் மழையைக் காரணம் சொன்னோம். மழை குறையவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் வீண் என்று எழுதிய அந்த 40 பங்கு எங்கும் தொலைந்து போகவில்லை. கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கிக் கீழ்க் கிராமத்துக் கிணறுகளில் ஊறியது. கொஞ்சம் வடிகால் வழியாக மறுபடி ஆற்றில் சேர்ந்தது. மேலே உள்ளவரின் கசிவுதான் கீழே உள்ளவரின் வரத்து. முன்பு 40 வந்த இடத்தில் இப்போது 10 வந்தது. நான் புதிதாக எந்தத் தண்ணீரையும் உண்டாக்கவில்லை. ஓர் ஊரிலிருந்து எடுத்து இன்னோர் ஊருக்குக் கொடுத்திருந்தேன், யாரிடமும் கேட்காமல்.

அந்தக் கிராமங்களுக்கு நானே போனேன். ஒரு கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்த அம்மாள், "மேலே சிக்கனமா இருக்காங்களாமே, அப்போ எங்களுக்கு ஏன் குறையுது?" என்று கேட்டார். அறிக்கையில் எழுதியிருந்த ஒரு வரியும் அவருக்குப் பதிலாக இருக்கவில்லை.

சொட்டுநீர் கெட்டது என்று சொல்ல வரவில்லை. கடலுக்குப் பக்கத்தில், உப்புநீரில் கலந்து போகிற கசிவை நிறுத்தினால் அது உண்மையான சேமிப்பு. நிலத்தடியில் உப்பு ஏறிக் கிடக்கும் இடத்திலும் அப்படித்தான். குறைவாக எடுத்து, மிச்சத்தை ஆற்றிலேயே விடவும் செய்தால் ஆற்றுக்குக் கொஞ்சமாவது நல்லது. ஆனால் உரிமையை, எடுக்கிற அளவில் எழுதக் கூடாது என்பதில் இன்றைக்கு நான் உறுதியாக இருக்கிறேன். எவ்வளவு எடுக்கிறீர்கள், அதில் எவ்வளவு ஆவியாகித் திரும்பாமல் போகிறது, எவ்வளவு ஆற்றுக்குத் திரும்புகிறது என்று மூன்று நெடுவரிசையும் வேண்டும். ஒரு நீர்மின் நிலையம் ஆற்றையே திருப்பி எடுத்து அப்படியே கீழே விட்டுவிடலாம். நகரம் எடுப்பதில் பெரும்பகுதி கழிவுநீராகத் திரும்புகிறது. சுத்தம் செய்து விட்டால் அது கீழே உள்ளவருக்கு வரவு, அப்படியே விட்டால் அது ஆற்றுக்குச் செய்யும் கேடு. பயிர் எடுப்பதில்தான் பெரும்பகுதி வானத்துக்குப் போகிறது. மூவரையும் எடுக்கிற அளவை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறான ஆளைத்தான் தண்டிப்போம்.

கிணறும் இதே கணக்கில்தான் சேரும். ஆற்றங்கரையில் ஆழ்துளைக் கிணறு போட்டு இறைக்கிறவர் கொஞ்சம் தாமதமாக ஆற்றையே இறைக்கிறார். சட்டங்கள் பல இடங்களில் நிலத்தடி நீரை நில உடைமையோடும், ஆற்று நீரை அரசோடும் சேர்த்துத் தனித்தனியாக வைத்திருக்கின்றன. அதனால் ஆற்றில் பங்கு குறைத்தவுடன் பம்புகள் ஓட ஆரம்பிக்கும். 2018 தீர்ப்பில் கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி., தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் இருக்கும் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததால் வந்தது. நடுவர் மன்றம் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தது. சேர்த்த அளவு சரியா என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் நிலத்துக்கு மேலே ஒரு ஆறு, கீழே இன்னொன்று என்று பிரித்து வைத்து எந்தப் படுகையையும் நிர்வகிக்க முடியாது. அதோடு, டெல்டாவில் கிணற்று நீரை அளவுக்கு மீறி எடுத்தால் கடல் உள்ளே வரும். அந்தச் செலவு எந்த அட்டவணையிலும் இல்லை.

நீரை விற்பது, வாங்குவது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மர்ரே–டார்லிங் படுகையில்தான் இது பெரிய அளவில் நடக்கிறது. அங்கே நிலத்திலிருந்து நீருரிமையைப் பிரித்துவிட்டார்கள். உரிமை என்பது ஒரு பங்கு. பருவத்துக்குப் பருவம் அந்தப் பங்குக்கு எத்தனை விழுக்காடு என்று அறிவிப்பார்கள். உயர் பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு என்று தரம் வேறு உண்டு; நீர் குறைந்தால் முன்னதற்குத்தான் முதலில். 2000களின் நீண்ட வறட்சியில் பொதுப் பாதுகாப்புப் பங்குகளுக்குச் சுழியம் விழுக்காடு அறிவித்த ஆண்டும் இருந்தது. பழத்தோட்டம் வைத்திருந்தவர்கள், ஆண்டுப் பயிர் வைக்கும் விவசாயிகளிடம் இருந்த கொஞ்ச நீரை வாங்கி மரங்களைக் காப்பாற்றினார்கள். அது நல்ல காரியம்தான். ஆனால் வணிகம் தொடங்கியபோது, பல ஆண்டுகளாக யாரும் பயன்படுத்தாமல் பெட்டிக்குள் கிடந்த உரிமங்களும் விலைக்கு வந்தன. தூங்கிக்கொண்டிருந்த உரிமம் விழித்தால் ஆற்றில் இறங்கும் எடுப்பு கூடும். 1995இல் மொத்த எடுப்புக்கு ஓர் உச்ச வரம்பு போட்ட பிறகும் ஏற்கெனவே கொடுத்தது அதிகம் என்று தெரிந்து, 2012 படுகைத் திட்டத்தின் கீழ் அரசே பணம் கொடுத்து ஆற்றுக்காக நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறது. முதலில் இலவசமாகக் கொடுத்ததைப் பிறகு காசு போட்டு வாங்குவதுதான் இதில் எனக்கு வருத்தம். 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் மெனிண்டீயில் டார்லிங் ஆறு தேங்கி, மீன்கள் லட்சக்கணக்கில் செத்து மிதந்த படங்களைப் பார்த்தபோது இரண்டு நாள் என்னால் கணக்கில் உட்கார முடியவில்லை.

ஆற்றுக்கென்று ஒரு பங்கு வேண்டும் என்றால் இன்னும் சிலர் அதைக் கவிதை மாதிரி கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 1998 நீர்ச் சட்டம் அதைச் சட்டமாகவே வைத்தது. மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிர்ச்சூழலுக்கும் முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். அதன் பிறகு மிச்சத்தைத்தான் உரிமமாகக் கொடுக்கலாம். அடிப்படைத் தேவை என்பது ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர். நடைமுறையில் எத்தனையோ தடங்கல் இருக்கலாம், ஆனால் வரிசை சரியான வரிசை. காவிரித் தீர்ப்பில் சூழலுக்கு 10 டி.எம்.சி.யும், தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 டி.எம்.சி.யும் எழுதியிருக்கிறது. 740இல் 14. கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்று யாராவது பேசினால், முகத்துவாரத்தில் வலை வீசுகிறவரையும் உப்பேறாத கரைக் கிணற்றையும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

முதல் கூட்டத்துக்கு வருகிறேன். அன்றைக்கு எதுவும் முடிவாகவில்லை. ஆனால் சில ஆண்டுகள் கழித்து அணை நிரம்பி வழிந்த ஒரு பருவத்தில் அதே ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டோம். நிறைந்த அணையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வறட்சியைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் அபசகுனமாகப் பட்டது. தேதி வாரியாக அணை மட்டங்களைப் போட்டு, இந்தக் கோட்டுக்குக் கீழே போனால் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பினோம். குடிநீருக்கு வெட்டு இல்லை என்பதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் நகரத்தில் தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் போகிற நீர் குடிநீர் ஆகாது என்று தலைமடைக்காரர் ஒருவர் பிடித்த பிடியில் நின்றார். அவர் சொன்னது சரி. நகரத்துப் பங்கை இரண்டாகப் பிரித்தோம். இரண்டு பாசனப் பகுதிக்கும் ஒரே விழுக்காடு என்று எழுதவே ஒன்றரை நாள் ஆனது.

பிளாஸ்டிக் உறைத் தாளோடு வந்த பெரியவர் இந்த முறையும் வந்திருந்தார். இரண்டாம் நாள் மாலையில்தான் வாயைத் திறந்தார். "ஏம்மா, குறையும்னா அதை விதைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுவீங்களா? சொல்லிட்டா நாங்க பாதி நிலத்துலதான் வைப்போம். விதைச்ச பிறகு சொன்னா நாங்க என்ன செய்யிறது?"

முன்கூட்டிச் சொல்வது கஷ்டம், கணிப்பு தவறலாம் என்றோம். அப்புறம் மழை வந்து தண்ணீர் கூடினால் என்ன செய்வது என்று மேலே இருந்து கேட்டார்கள். அதையும் எழுதினோம்: விதைப்புக்கு 30 நாள் முன்னால் அறிவிப்பு, அறிவித்ததற்கு மேல் வந்தால் அதே விகிதத்தில் பங்கு, கடைமடையிலிருந்து தொடங்கி. பெரியவர் படித்துக் காட்டச் சொன்னார். இரண்டு முறை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நான்கு ஆண்டு கழித்து மட்டம் அந்தக் கோட்டுக்குக் கீழே போனது. அறிவிப்புத் தாளை நானே எடுத்துக்கொண்டு கடைமடைக்குப் போனேன். பெரியவர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டிருந்தார். அவர் மகள் வாசலில் நின்று தாளை வாங்கி மெதுவாகப் படித்தார்.

"முப்பத்தெட்டு விழுக்காடு வெட்டா?"

ஆமாம் என்றேன்.

"மேலேயும் முப்பத்தெட்டுதானே?"

மேலேயும் முப்பத்தெட்டுதான் என்றேன். அவர் உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்தார்.